ஓரத்தில் எழுதிய பதில்

ஒரு வேலையைப் பலரிடம் ஒப்படைத்துவிட்டு அதற்குப் பொறுப்பேற்று நிற்பவரின் சங்கடம் மிகப் பழையது. கேட்காமல் இருந்தால் எதுவும் தெரிவதில்லை. கேட்டுக்கொண்டே இருந்தால் வேலை நடப்பதில்லை. இந்தச் சங்கடத்தின் இரு முனைகளையும் வள்ளுவர் பொருட்பாலில் தொட்டிருக்கிறார். 'தெரிந்து வினையாடல்', தகுதியானவனைத் தேர்ந்தபின் வேலையை அவனிடமே விட்டுவிடச் சொல்கிறது. ஏழு அதிகாரங்கள் தள்ளி வரும் 'ஒற்றாடல்', ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியையும் வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறது. நம் காலத்து மேலாளர்களில் பலர் முன்னதை மேடையில் பேசுகிறார்கள். பின்னதை அலுவலகத்தில் கடைப்பிடிக்கிறார்கள்.

மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலையில் நின்றபடியே ஒரு கூட்டம், மாலையில் நிலவரம் சொல்லும் மின்னஞ்சல், வாரக் கடைசியில் பச்சை, மஞ்சள், சிவப்பு எனக் கட்டங்களுக்கு வண்ணமிட்ட ஓர் எக்செல் தாள். இவ்வளவுக்குப் பின்னும் திட்டம் ஒருநாள் திடீரெனக் கவிழ்கிறது. இத்தகைய அறிக்கைக்குத் தொழில் வட்டாரத்தில் 'தர்ப்பூசணி' என்று ஒரு கேலிப்பெயர் உண்டு. வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. பொய் சொல்ல வேண்டுமென்று யாரும் தீர்மானித்து எழுதுவதில்லை. சிவப்பு என்று எழுதினால் உதவிக்கு முன்னால் விசாரணை வந்து நிற்கும் என்பதை அனுபவத்தில் கற்றவர்கள், அடுத்த வாரம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் பச்சையைப் பூசுகிறார்கள். ஆகவே, மேலாளருக்கு உண்மை நிலவரம் தெரியவருவது அவர் எத்தனை முறை கேட்கிறார் என்பதைப் பொறுத்ததன்று, வந்த செய்தியை அவர் எப்படி எதிர்கொள்கிறார் என்பதைப் பொறுத்தது என்பதே என் கட்சி.

இதற்குச் சான்றாக ஒரு வரலாற்றைச் சொல்லலாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஹன்ட்ஸ்வில் நகரில், நாசாவின் மார்ஷல் விண்வெளிப் பறப்பு மையம் 1960இல் தொடங்கப்பட்டது. மனிதரை நிலவுக்கு ஏற்றிச் சென்ற சாட்டர்ன் 5 ஏவுகலத்தை உருவாக்கும் பொறுப்பு அம்மையத்தினுடையது. ஆயிரக்கணக்கான பணியாளர்கள், பற்பல ஆய்வுக்கூடங்கள், நாடெங்கும் பரவிய ஒப்பந்த நிறுவனங்கள். இயக்குநராக இருந்த வெர்னர் ஃபான் பிரௌன், இவற்றையெல்லாம் அருகிலிருந்து கவனிப்பது ஒருவரால் ஆகாதது என்பதை அறிந்திருந்தார். ஆய்வுக்கூடத் தலைவர்கள், திட்டப் பொறுப்பாளர்கள் என ஏறத்தாழ இரண்டு டஜன் பேரிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: திங்கள்தோறும் ஒரே ஒரு பக்கம். சென்ற வாரம் என்ன நடந்தது, எங்கே சிக்கல் என்பது அதில் இருந்தால் போதும். படிவம் கிடையாது. இடையிலுள்ள அதிகாரிகள் அதைத் திருத்தி அனுப்பும் வழக்கமும் கிடையாது.

வந்த பக்கங்களை அவர் படித்தார். ஓரங்களில் தம் கையாலேயே எழுதினார். ஓரிடத்தில் கேள்வி, ஓரிடத்தில் யோசனை, வேறோரிடத்தில் ஒரு வரிப் பாராட்டு. பிறகு அந்தக் கட்டு முழுவதும், ஓரக்குறிப்புகளோடு நகலெடுக்கப்பட்டு, எழுதிய அனைவருக்கும் திரும்பிப் போயிற்று. 1960களின் பிற்பகுதியில் அங்கே ஆலோசகராகப் பணியாற்றிய தகவல்தொடர்பு அறிஞர் ஃபிலிப் டாம்ப்கின்ஸ் இதைப் பின்னாளில் விரிவாக எழுதினார். அந்தக் கட்டை எல்லோரும் ஆவலோடு படித்தார்களாம். அடுத்த கூடத்தில் என்ன நடக்கிறது என்பது அதில்தான் தெரிந்தது. திங்கட்கிழமைப் பக்கத்தை எழுதுவதற்காகத் தலைவர்கள் பலர் தமக்குக் கீழிருந்தவர்களிடம் வெள்ளிக்கிழமையே குறிப்புக் கேட்கத் தொடங்கினர். அப்படிச் செய்யுமாறு அவர்களுக்கு யாரும் ஆணையிடவில்லை.

இதில் ஒரு பக்கம் என்ற வரையறையைவிட, பக்கம் திரும்பி வந்தது என்பதே முக்கியமாக எனக்குப் படுகிறது. சிற்றிதழ்களுக்குக் கதை அனுப்பிப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பதிலே வராத முகவரிக்கு எத்தனை நாள் எழுதுவது? கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் ஆசிரியர் எழுதிய நான்கு சொற்கள் ஒருவரைப் பத்தாண்டுகள் எழுத வைத்துவிடும். ஃபான் பிரௌனைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்லப்படுவதுண்டு. ரெட்ஸ்டோன் ஏவுகணையொன்று பழுதானபோது, தம் கைத்தவறே காரணமாக இருக்கலாம் என்று முன்வந்து சொன்ன பொறியாளருக்கு அவர் ஒரு ஷாம்பெய்ன் போத்தலை அனுப்பினாராம்.

இம்மனிதரை முன்மாதிரியாகக் காட்டுவதில் ஒரு கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. நாஜிக் கட்சியிலும் எஸ்.எஸ். படையிலும் உறுப்பினராக இருந்தவர். அவர் வடிவமைத்த வி-2 ஏவுகணையை மிட்டல்பாவ்-டோரா வதைமுகாம் கைதிகள் நிலத்தடித் தொழிற்சாலையில் உருவாக்கினர். அம்முகாமில் பல்லாயிரவர் மாண்டனர். கேட்கும் கலை தெரிந்தவர் எல்லோருடைய குரலையும் கேட்டார் என்று பொருளில்லை. நான் எடுத்துக்கொள்வது முறையை மட்டுமே.

முறைக்கும் பின்னர் நேர்ந்தது துயரமானது. 1970இல் அவர் வாஷிங்டனுக்கு மாறிச் சென்றார். வாரக் குறிப்புகள் நின்றுவிடவில்லை. ஆனால் பின்வந்தவர்களின் காலத்தில் ஓரத்துப் பதில்கள் அருகி, குறிப்புகள் மேல்நோக்கி மட்டுமே செல்லும் சம்பிரதாய அறிக்கைகளாயின என்கிறார் டாம்ப்கின்ஸ். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73 நொடிகளில் சிதறி, ஏழு பேர் உயிரிழந்தனர். காரணமான திட எரிபொருள் ஏவுகலம் மார்ஷல் மையத்தின் பொறுப்பில் இருந்தது. அதன் இணைப்பு வளையங்களின் குறை சில ஆண்டுகளாகவே அங்கே தெரிந்திருந்தது. கடுங்குளிரில் ஏவ வேண்டாம் என்று ஒப்பந்த நிறுவனப் பொறியாளர்கள் முந்தைய இரவு வாதாடியதும் ஏவும் முடிவை எடுத்த உயர் அதிகாரிகளை எட்டவில்லை. கடுமையான சிக்கல்களை மேலே தெரிவிக்காமல் தமக்குள்ளேயே தீர்த்துக்கொள்ள முயலும் போக்கு மார்ஷல் நிர்வாகத்தில் இருந்ததாக விசாரணை ஆணையம் எழுதியது. ஓரக்குறிப்புகள் தொடர்ந்திருந்தால் அந்த எழுவரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல நான் துணியமாட்டேன். அங்கே அறிக்கைகளுக்குப் பஞ்சமிருக்கவில்லை என்று மட்டும் சொல்வேன்.

வாரத்துக்கு இருபது பக்கம் படித்துப் பதில் எழுத மேலாளருக்கு நேரமேது என்று சிலர் கேட்கக்கூடும். நாளுக்கு மூன்று கூட்டங்கள் நடத்த நேரம் இருக்கிறதே. புதிதாகச் சேர்ந்தவரை அருகிருந்து கவனிக்க வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை. அது கற்பித்தல், கற்றபின் விலகிக்கொள்ள வேண்டும். மற்றவர்களிடம் வாரம் ஒரு பக்கத்தை அவரவர் சொந்தச் சொற்களில் கேட்டு வாங்கலாம். வண்ணக் கட்டங்கள் வேண்டாம். இரண்டு நாளுக்குள் பதில் எழுதி, எல்லோரும் படிக்கத் தரலாம். இடைப்பட்ட நாட்களில் அவர்களை வேலை செய்ய விடலாம். கெட்ட செய்தி வந்தால், யார் செய்தது என்று கேட்குமுன் என்ன உதவி வேண்டும் என்று எழுதலாம். அடுத்த திங்களன்று வரும் பக்கம் உண்மையைச் சொல்லுமா என்பது அந்த முதல் வரியில்தான் இருக்கிறது.