சேவல் என்றால் அப்படித்தானா?



பள்ளி விடுமுறையின்போது கிள்ளானில் இருக்கும் உறவினர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். தேநீர் அருந்திய பின், தாம் வளர்க்கும் கோழிகளைக் காட்டுவதற்காக என்னைப் பின்கட்டுக்கு அழைத்துச் சென்றார். துணி காயப்போடும் கம்பிக்கும் மதிற்சுவருக்கும் நடுவே மூன்று பெட்டைகளும் ஒரு சேவலும் இருந்தன. சேவல் அழகுதான், மறுக்கவில்லை. செம்பொன் நிறப் பிடரி, கருநீல வால், நிமிர்ந்த கொண்டை. ஆனால் என் கண் பெட்டைகள்மேல் சென்றது. ஒன்றின் முதுகில் பெயருக்குக்கூட ஓர் இறகில்லை. தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. இன்னொன்றின் பிடரி மொட்டையாக இருந்தது. மூன்றாவது, கூண்டின் மேற்கட்டையை விட்டு இறங்கவே அஞ்சியது. வீட்டின் ஐந்து வயதுப் பேரனுடைய கெண்டைக்காலில் சேவலின் முள் கிழித்த தழும்பும் இருந்தது.

"இந்தச் சேவலைத் தனியே பிரித்து வைக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"டீச்சர், சேவல்னா அப்படித்தான் இருக்கும். இல்லாட்டி அது சேவலா?" என்றார். சூழ இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஒரு வாக்கியத்தின்மீது எனக்குள்ள சினமே இக்கட்டுரை. புழக்கடையில் நிகழும் ஒரு கொடுமையை 'இயல்பு' என்று பெயரிட்டு, அதற்கு 'வீரம்' என்று பட்டமும் கட்டி, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாக்கியம் அது.

சேவலைப் போற்றிய இனம்தான் நாம். முருகப்பெருமானின் கொடியில் சேவலை ஏற்றினோம். சோழர் தலைநகரான உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் இருந்தது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், போரிட்டு மாண்ட சேவலுக்கே நம் முன்னோர் நடுகல் எடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்தக் கல், தனக்கு நிகரான இன்னொரு சேவலோடு பொருது வீழ்ந்த சேவலுக்கு நட்ட கல். ஓடி ஒளிய இடமில்லாத மூன்று பெட்டைகளை நாள்முழுதும் மிதித்துப் புண்ணாக்கும் சேவலுக்கு யாரும் கல் நடவில்லை!

இந்த அறியாமைக்கு அடிப்படையாக மூன்று தவறான எண்ணங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, 'முட்டைக்குச் சேவல் வேண்டும்' என்பது. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்நாட்டில் முட்டைத் தட்டுப்பாடு ஏற்பட்டு, நாமக்கல்லிலிருந்து முட்டை வரவழைக்கப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். 2025 ஆகஸ்டு முதல் நாள் முட்டைக்கான அரசாங்க உதவித்தொகையும் முடிவுக்கு வந்தது. இந்நிலையில் வீட்டுக்குப் பின்னால் நான்கு கோழி வளர்க்கலாம் என்று ஒருவர் எண்ணுவதில் வியப்பில்லை, வரவேற்கிறேன். ஆனால் பெட்டைக்கோழி முட்டையிடுவதற்குச் சேவலே தேவையில்லை. குஞ்சு பொரிக்க வேண்டுமானால்தான் சேவல் தேவை. மூன்று பெட்டைகளை வாங்கும்போது 'சோடிக்கு' ஒரு சேவலையும் சேர்த்து வாங்குவது பழக்கத்தால் நேரும் பிழை. ஒரு சேவலுக்கு எட்டு முதல் பன்னிரண்டு பெட்டைகள் வரை இருப்பது நலம் என்பது கோழி வளர்ப்பில் தேர்ந்தவர்கள் பொதுவாகக் கூறும் கணக்கு. பத்துப் பெட்டைகளிடையே பரவ வேண்டிய சேவலின் வேகம் மூன்றின்மேல் விழுந்தால், அதிலும் அதற்குப் பிடித்த ஒன்றன்மேல் மட்டும் விழுந்தால், அந்த முதுகு என்னாகும்?

இரண்டாவது, 'தோட்டத்தில் இப்படித்தானே வளர்த்தோம்' என்பது. நானும் தோட்டப்புறத்தில், லயத்து வீட்டில் வளர்ந்தவள்தான். எங்கள் வீட்டுச் சேவலும் முரடுதான். ஆனால் அங்கே வேலி இல்லை. சேவல் துரத்தினால் பெட்டை இரப்பர் மரங்களுக்கிடையே புகுந்து ஓடிவிடும், புதரில் மறையும், அடுத்த லயத்துக்கே போய்விடும். கோழியின் மூதாதையாகிய செங்காட்டுக்கோழி இன்றும் இத்தீபகற்பத்தின் காட்டோரங்களில் திரிகிறது. அதற்கும் ஒதுங்கக் காடு இருக்கிறது. தாமான் வீட்டின் பின்கட்டில் எங்கே ஒதுங்குவது? சேவல் மாறவில்லை ஐயா, இடம்தான் மாறிவிட்டது. இடத்தை மாற்றியவர் நாம்.

'இயற்கையில் வலியது எளியதை அடக்கத்தானே செய்யும்' என்று வாதிடுவோரும் உளர். கோழிகளிடையே ஒரு தரவரிசை உண்டு என்பதை நார்வே நாட்டு ஆய்வாளர் செல்டெரப்-எப்பே 1921-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். எது எதைக் கொத்தலாம், எது எதற்கு வழிவிட வேண்டும் என்ற அந்த ஒழுங்கு நிலைபெற்றபின் சண்டை குறைகிறது. ஏன்? தாழ்ந்தது விலகிப்போகிறது, உயர்ந்தது அத்தோடு விட்டுவிடுகிறது. விலகிப்போக இடமிருந்தால்தான் அது ஒழுங்கு. இடமில்லாவிட்டால் அதற்குப் பெயர் சிறை.

மூன்றாவது, 'நாலு அடி போட்டால் அடங்கும்' என்பது. இதுதான் மிகக் கேடானது. பிடரி இறகைச் சிலிர்த்துக்கொண்டு, ஒரு சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வரும் சேவல் உங்களை இன்னொரு சேவலாகவே கருதுகிறது. நீங்கள் உதைத்தால், அறைகூவலை ஏற்றுக்கொண்டீர்கள் என்று அதற்குப் பொருள். துடைப்பத்தால் அடி வாங்கிய சேவல், அடுத்த நாள் துடைப்பம் ஏந்தாத சிறுவனின்மீது பாயும். வகுப்பறையில் பல்லாண்டு நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: அடி எதையும் கற்பிப்பதில்லை, யாரை அடிக்கலாம் என்பதை மட்டும் கற்பிக்கும்.

அப்படியானால் என்னதான் செய்வது?

முதலில், புண்பட்ட பெட்டையை இன்றே பிரித்து வையுங்கள். குருதி தெரிந்தால் மற்றக் கோழிகளும் அவ்விடத்தைக் கொத்தும். புண்ணை உப்புநீரால் கழுவி, ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சேவலுக்குக் கம்பிவலை அடித்த தனி அறை ஒன்று அமையுங்கள். பெட்டைகளைப் பார்க்கலாம், தொட முடியாது என்னும்படி இருக்கட்டும். குஞ்சு வேண்டுமென்றால் குறித்த பொழுது மட்டும் திறந்துவிடுங்கள். பெட்டைகளின் பக்கத்தில் தடுப்புப் பலகை, தாழ்ந்த கிளை, இரண்டு தீனித்தட்டு, இரண்டு தண்ணீர்க் கலம் ஆகியன வையுங்கள். துணியில் தைத்த முதுகுக் கவசத்தை அணிவித்தால் சேவலின் நகம் தோலைக் கிழிக்காது. சேவலின் கால்முள் கூராக இருந்தால் நுனியை மட்டும் அரத்தால் மழுக்குங்கள். உள்ளே எலும்பும் குருதிநாளமும் உள்ளன, ஒட்ட வெட்டிவிடாதீர்கள்.

மனிதரிடம் பாயும் சேவலிடம் ஓடாதீர்கள், உதைக்காதீர்கள். நீண்ட காற்சட்டையும் காலணியும் அணிந்து, நின்ற இடத்தில் நிலையாக நில்லுங்கள். பிறகு மெதுவாக அதை நோக்கி நடந்து, அது விலகும்வரை விடாதீர்கள். இயலுமானால் தூக்கிக் கைக்குள் அணைத்து, அது தளர்ந்து அமைதியாகும்வரை வைத்திருந்து இறக்கிவிடுங்கள். ஐந்தாறு மாதத்து இளஞ்சேவல்களின் துடுக்கு பல வேளைகளில் ஓராண்டு நிறையும்போது தணிந்துவிடும். அதுவரை சிறுவர்களைத் தனியே உள்ளே விடாதீர்கள். குனிந்து முட்டை எடுக்கும் குழந்தையின் கண், சேவலின் முள் எட்டும் உயரத்தில் இருக்கிறது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

இவ்வளவும் செய்து, மாதங்கள் கடந்தும் மாறாத சேவலை என்ன செய்வது? ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: தனிக்கூண்டு, அல்லது குழம்புச் சட்டி. முரட்டுத்தனத்தில் ஒரு பங்கு பரம்பரையாகவும் வருவது. ஆகவே அதன் முட்டையை அடைவைத்து அதே குணத்தைப் பெருக்காதீர்கள்.

'ஐயோ, பாவம்!' என்பீர்கள். மூன்று பெட்டைகள் தோலுரிந்து நின்றபோது அந்தப் பாவம் எங்கே போயிற்று? கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவல், கைவைக்க மாட்டோம் என்று சிலர் சொல்வர். உங்கள் நேர்த்திக்கடனை நான் குறை கூறவில்லை. நேர்ந்த சேவலைத் தனியே வைத்துப் பேணினால் கடன் கெட்டுவிடாது.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம். 'நல்ல கோபக்காரச் சேவல்' என்று பாராட்டி விலை பேச வரும் சாபோங் ஆட்களிடம் விற்றுவிடாதீர்கள். 'ஆடுகளம்' திரைப்படம் 2011-இல் வந்தபோது சேவற்சண்டையை நம் பண்பாடென்று பெருமை பேசியவர்களை நானறிவேன். பண்பாடோ இல்லையோ, இந்நாட்டின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி விலங்குகளை மோதவிடுவது குற்றம். அச்சட்டத்தில் விலங்கு வதைக்கான தண்டம் 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை. மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. சட்டியில் முடியும் உயிர் ஒரு கணத்தில் முடிகிறது. களத்தில் முடியும் உயிர் ஆள் சூழ்ந்து கைதட்ட, சிறுகச் சிறுகக் கிழிபட்டு முடிகிறது.

இறுதியாக, தாமானில் கோழி வளர்க்க எண்ணுவோர் தத்தம் ஊராட்சி மன்றத்தின் விதிகளை முதலில் கேட்டறியுங்கள். விடியற்காலை நான்கு மணிக்குக் கூவும் சேவலால் அண்டை வீட்டாரின் நட்பை இழக்காதீர்கள். முட்டைதான் நோக்கமென்றால் பெட்டைகள் மட்டும் போதும். சேவல் வேண்டுமென்றால், அதற்கேற்ற இடமும் பெட்டைகளின் தொகையும் உங்களிடம் உண்டா என்று எண்ணிய பிறகு வாங்குங்கள்.

என் உறவினர் பிடிவாதக்காரர். அன்று என்னோடு வாதிட்டு ஓய்ந்தவர், மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். சேவலைக் கம்பிவலைக்கு அப்பால் அடைத்துவிட்டாராம். புண் ஆறிய பெட்டையின் முதுகில் புதிய இறகுகள் குருத்துக் குருத்தாகத் தோன்றுகின்றனவாம். முறிந்து நிற்கும் இறகு அடுத்த இறகுதிர் காலம்வரை காத்திருக்கும். வேரோடு பிடுங்கப்பட்டது சில வாரங்களில் முளைக்கும் என்று விளக்கினேன். மேற்கட்டையிலேயே ஒடுங்கிக் கிடந்த பெட்டை இப்போது தரையில் இறங்கி மண் குளியல் போடுகிறதாம்.

"ஆனா டீச்சர், சேவலுக்குத்தான் ரொம்பக் கோபம்" என்றார்.

இருக்கட்டும். அதன் கோபத்தை இதுவரை பெட்டைகள் சுமந்தன. இனி அது தானே சுமக்கட்டும்.