நோயாளியுடன் வரும் குழந்தை

வாரத்தில் மூன்று நாள் எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்குத் தந்தை ஒருவர் வந்துகொண்டிருந்தார். மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் அவரை அழைத்து வந்தவள், ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள். தாய் வீட்டுவேலை செய்பவர். அடிக்கடி விடுப்பு எடுத்தால் வேலை போய்விடும். தந்தையின் எடை, இரத்த அழுத்தம், கிரியாட்டினின் அளவு ஆகிய யாவும் எங்கள் கோப்பில் இருந்தன. மகள் எத்தனை நாள் பள்ளிக்குச் செல்லவில்லை என்பது அதில் இல்லை. நான்கு மாதங்கள் அவளைப் 'பொறுப்பான பிள்ளை' என்று பாராட்டிக்கொண்டிருந்தோம்.

பின்னர், அவளுக்கு ஏதேனும் உதவ வேண்டும் என்று எண்ணி, பள்ளிக் கட்டணம், நோட்டுப் புத்தகம் எனக் கணக்கிட்டோம். எங்கள் சமூகப் பணியாளர் அவளையே கேட்டபோது அவள் சொன்னது வேறு: "வழியில் அப்பாவுக்கு மயக்கம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை."

குழந்தைகளுக்கான நலப் பணிகளில் எளிதில் எண்ணக்கூடியது, நாம் கொடுத்தது: இத்தனை உணவு, இத்தனை சீருடை. குழந்தைக்கு என்ன தேவை என்பதை அளப்பது கடினம், ஆயினும் இயலாததன்று. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டது. எடை சரிவர ஏறாத குழந்தைகளைக் கண்டறிந்து அவர்களுக்குத் துணை உணவு அளித்தது. தேவையை அளந்த பின்னரே உதவி என்பது அதன் முறை. ஆனால் தராசு பசியைக் காட்டும், அச்சத்தைக் காட்டாது.

இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் கீழ் வந்த 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள் இங்கே ஒரு வழி காட்டுகின்றன. பராமரிப்பும் பாதுகாப்பும் வேண்டிய ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும். உடல்நலம், மனநலம், கல்வி, விளையாட்டு, உறவுகள் எனப் பல தலைப்புகள் அப்படிவத்தில் உள்ளன. அவற்றுள் முதலில் நிற்பது குழந்தையின் எதிர்பார்ப்பு. அந்த வரிசை சரியானது என்றே நாங்கள் கருதுகிறோம். மருத்துவமனைகளும் அதைப் பின்பற்ற வேண்டும்: நோயாளியின் கோப்பில் அவர் வீட்டுக் குழந்தைகளுக்கென ஒரு பக்கம் இருக்க வேண்டும்.

'இதையெல்லாம் சொன்னால் பிள்ளையை விடுதிக்கு அனுப்பிவிடுவார்களோ' என்று பல தாய்மார்கள் தயங்குவதை அறிவோம். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பது அச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. குழந்தை குடும்பத்திலேயே வளர்வதற்காகவே மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு உள்ளது. பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளும் இதற்குத் தகுதியுடையவர்கள். 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி தொகை மாதம் 4,000 ரூபாய். நகர்ப்புறத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். ஆபத்தில் இருக்கும் குழந்தைக்காக 1098 என்ற எண்ணை எவரும் அழைக்கலாம்.

அந்தச் சிறுமிக்கு எங்கள் செவிலியர் அரை மணி நேரம் செலவிட்டார். மயக்கம் வந்தால் தந்தையை எப்படிப் படுக்க வைப்பது, 108ஐ அழைத்து எதைச் சொல்வது என்று கற்றுக்கொடுத்தார். டயாலிசிஸ் நேரத்தை மாலைக்கு மாற்றினோம். இப்போது தாயும் உடன் வர முடிகிறது. மகள் மீண்டும் பள்ளிக்குச் செல்கிறாள். இவற்றுக்குப் பெரும் செலவு ஆகவில்லை. கேட்பதற்குத்தான் நான்கு மாதம் தாமதமாயிற்று.

அடுத்த முறை வரும்போது, உங்கள் வீட்டில் எத்தனை குழந்தைகள், நீங்கள் இங்கே இருக்கும் நேரத்தில் அவர்கள் யாருடன் இருக்கிறார்கள் என்பதை எங்களிடம் கூறுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள். குழந்தை உடன் வந்திருந்தால், அவளையே பேச விடுங்கள்.