பதவி வந்தால்தான் தலைவரா?

மெல்பர்னில் என்கூட வேலை பார்க்கும் டியூட்டர் ஒருவர் கேட்டார்: "ஆராய்ச்சி பண்ணா புரொமோஷன். நல்லா பாடம் நடத்தினா என்ன கிடைக்கும்?"

நியாயமான கேள்விதான். சிட்னி பல்கலைக்கழகத்தின் டேனி லியூவைப் பாருங்கள். அவர் படித்தது மூலக்கூறு உயிரியல். ஆசிரியர்களே வழிநடத்தும் ஏஐ உதவியாளர்களுக்காக 'காக்னிட்டி' என்ற தளத்தை உருவாக்கினார். ஏஐ அனுமதிக்கும் மதிப்பீடு, நேரடிக் கண்காணிப்பில் நடக்கும் மதிப்பீடு என்ற 'இரட்டைப் பாதை' முறையை 2023-ல் சகாக்களோடு முன்வைத்தார். 2025-ல் அதுவே அங்கே விதிமுறை ஆனது.

கற்பித்தலில் தலைமைன்னா இதுதான்: நம்ம வகுப்புல வேலை செஞ்சதை அடுத்தவங்களுக்கும் கொடுக்கிறது. ஆனால் மணிக்கணக்குச் சம்பளத்தில் இருக்கிறவங்க இதை எந்த நேரத்துல செய்வாங்க? அந்த நேரத்துக்கும் பல்கலைக்கழகங்கள் சம்பளம் கொடுக்கணும். அதுக்கப்புறம் தலைவர்களைத் தேடட்டும்.