கைக்கும் ஒரு கல்வி வேண்டும்

“நீ என்னவாகப் போகிறாய்?” என்று கேட்டால், “பல் மருத்துவர்” என்று விடை சொல்லும் மாணவியர் நம் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் இருக்கின்றனர். நல்ல ஆசைதான். ஆனால் அந்த ஆசைக்காக நாம் செய்யும் ஆயத்தம் என்ன? இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றையும் இரவு பகலாகப் படிக்கிறோம். நீட் தேர்வின் 720 மதிப்பெண்களும் இம்மூன்று பாடங்களுக்கே உரியவை. நம் கை எப்படிப்பட்டது என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

கல்லூரியில் சேர்ந்த முதலாண்டிலேயே நிலைமை மாறிவிடுகிறது. ஒரு மெழுகுக் கட்டியும் சிறு கத்தியும் கைக்கு வருகின்றன. “இதில் ஒரு பல்லைச் செதுக்குங்கள்” என்கிறார் ஆசிரியர். அதுவரை பேனாவையன்றி வேறொன்றையும் நெடுநேரம் பிடித்தறியாத விரல்கள் திகைத்துப் போகின்றன. பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்யவல்ல மாணவி, விரலளவு மெழுகின் முன்னே, “எனக்குக் கை வராது” என்று மனம் தளர்கிறாள். வீட்டு நகையை அடகு வைத்துச் சேர்த்துவிட்ட பெற்றோரிடம் அவள் அதை எப்படிச் சொல்வாள்?

கை வராத பெண் என்று ஒருத்தி பிறப்பதில்லை. பழக்கப்படாத கைதான் இருக்கிறது என்பதே அறிவியல் பிரிவு மாணவியராகிய எங்கள் கருத்து. அப்பழக்கத்தைப் பள்ளி நாட்களிலேயே தொடங்கிவிடலாம் என்றும் நாங்கள் கருதுகிறோம்.

மருத்துவம் படிக்கப் போனவளுக்குச் சிற்பியின் வேலை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பல் மருத்துவர் நாள்தோறும் செய்வது பெரும்பாலும் கைவேலையே. சொத்தை விழுந்த கடைவாய்ப்பல்லைச் சுத்தம் செய்து அடைக்கும்போது, அழிந்துபோன மேடுகளையும் பள்ளங்களையும் அவர் மீண்டும் உருவாக்க வேண்டும். அடைப்பு சற்றே உயர்ந்துவிட்டாலும் மெல்லும்போது இடிக்கும். பற்களின் நடுவே ஒரு தலைமயிர் சிக்கினாலே நமக்குத் தெரிந்துவிடுகிறதே! மேலும், வாயில் முளைத்துவிட்ட பல்லின் எனாமல் மறுபடி வளராது. தவறாகச் சீவியது சீவியதுதான். மெழுகோ ஒன்று கெட்டால் இன்னொன்று. கை தடுமாறலாம் என்று அனுமதி உள்ள இடம் அது ஒன்றே. நோயாளியின் நாற்காலி அருகே நிற்கும் முன்னர் மாணவி மெழுகோடு மல்லுக்கட்டுவது இதற்காகத்தான்.

அமெரிக்காவில் பல் மருத்துவக் கல்விக்கான நுழைவுத் தேர்வில் சுண்ணக்கட்டியைச் செதுக்கிக் காட்டும் பகுதி ஒன்று 1970-களின் தொடக்கம் வரை இருந்தது. கனடாவில் சோப்புக் கட்டியைச் செதுக்கும் தேர்வு அதன் பின்னரும் நெடுங்காலம் நீடித்தது. நம் நாட்டிலும் அத்தகைய தேர்வு வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. தேர்வு என்றால் அதற்கும் ஒரு தனிப்பயிற்சி நிலையம் முளைத்துவிடும்! தேர்வுக்காக அன்றி, கற்றலின் இன்பத்துக்காகவே கையைப் பழக்குவோம் என்கிறோம்.

எப்படித் தொடங்குவது? முதலில் கத்தி வேண்டாம், கண்ணாடி போதும். மேல்வரிசையின் நடுவிலுள்ள இரு வெட்டுப்பற்களைப் பாருங்கள். அவை சதுரம் போலத் தோன்றும். ஆயினும் அவற்றின் கீழ்முனைகள் ஒன்றுபோல் இரா. நடுக்கோட்டை ஒட்டிய முனை கூர்மையாகவும், வெளிப்புற முனை சற்று உருண்டும் இருக்கும். பல் தனியே கிடந்தாலும் அது வலப்பக்கத்ததா இடப்பக்கத்ததா என்று சொல்ல உதவும் அடையாளங்களுள் இதுவும் ஒன்று. இத்தனை ஆண்டுகள் நாள்தோறும் துலக்கிய பல்லை நாம் பார்த்ததே இல்லை என்பது அப்போது விளங்கும். பார்த்ததைத் தாளில் வரையுங்கள்: முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம்.

அடுத்து, மெழுகுக்குப் பதிலாகச் சாதாரணக் குளியல் சோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பாடநூல்கள் தரும் சராசரி அளவின்படி மேல் நடு வெட்டுப்பல்லின் தலைப்பகுதி 10.5 மில்லிமீட்டர் உயரம், வேர் 13 மில்லிமீட்டர் நீளம், தலைப்பகுதியின் அகலம் 8.5, கனம் 7. தொடக்கத்தில் இரு மடங்காகச் செய்வது எளிது. அதாவது தலை 21, வேர் 26, அகலம் 17, கனம் 14 மில்லிமீட்டர். பிடித்துக்கொள்ள அடியில் சிறிது சோப்பை விட்டுவையுங்கள். முன்முகத்தின் வடிவத்தை வரைந்து, கோட்டுக்கு வெளியே உள்ளதை மட்டும் சீவுங்கள். பின்னர் பக்கவாட்டு வடிவத்தை வரைந்து, அதையும் அவ்வாறே சீவுங்கள். மூலைகளை உருட்டுவது கடைசி வேலை. எடுத்ததை மீண்டும் ஒட்ட முடியாதாகையால், ஒவ்வொரு சீவலும் மெல்லியதாக இருக்கட்டும். இடையிடையே அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

கத்தியைப் பேனா பிடிப்பது போலப் பிடித்து, மோதிர விரலைக் கட்டியின் மீதே ஊன்றிக்கொள்ள வேண்டும். ஊன்றிய விரல் இருந்தால் கத்தி வழுக்கி ஓடாது. நோயாளியின் வாயில் வேலை செய்யும் மருத்துவரும் இப்படித்தான் அருகிலுள்ள பல்லின் மேல் விரலை ஊன்றிக்கொள்கிறார். கூர்மை குறைந்த கத்தியே தொடக்கத்துக்குப் போதும். இளைய மாணவியர் பெரியவர் ஒருவர் அருகிலிருக்கச் செய்வது நலம். மெழுகுக்கு மாறியபின், நம் ஊர் வெயிலில் அது இளகிவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். காலை வேளையே அதற்கு ஏற்றது. இளகினால் குளிர்ந்த நீரில் சிறிது நேரம் போட்டு எடுக்கலாம். மாதிரிக்கு உண்மைப் பல் வேண்டுமென்று எங்கேனும் பிடுங்கிய பல்லைக் கேட்டு வாங்காதீர்கள். முறையாகக் கிருமி நீக்காத பல்லைத் தொடுவது தீங்கு.

“இப்போதெல்லாம் கணினியே பல்லை வடிவமைத்து, இயந்திரமே கடைந்து தருகிறதே!” என்று கேட்போர் உண்டு. உண்மைதான். ஆயினும் கணினி காட்டும் பல் சரியா தவறா என்று சொல்ல ஒரு கண் வேண்டும். அந்தக் கண் செதுக்கிப் பழகியவளுக்கே எளிதில் வாய்க்கிறது. வாயிலேயே நேரடியாக வைத்து உருவாக்கும் அடைப்பு வேலையோ இன்றும் மருத்துவரின் கையையே நம்பியிருக்கிறது.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். மகள் கோலமிடும்போதும், பூத்தையல் போடும்போதும், களிமண்ணைப் பிசையும்போதும், “இந்த நேரத்தில் நாலு கணக்குப் போடக் கூடாதா?” என்று கடிந்துகொள்ளாதீர்கள். புள்ளி பிசகாமல் கோலமிடும் விரலும், தையல் ஒரே சீராக விழ வேண்டும் என்று பிரித்துப் பிரித்துத் தைக்கும் பொறுமையும் வீணாகப் போவதில்லை. படிப்பைக் குறைக்கச் சொல்லவில்லை. மதிப்பெண் இல்லையேல் கல்லூரிக் கதவு திறவாது என்பதை நாங்களும் அறிவோம். ஞாயிற்றுக்கிழமையில் அரைமணி நேரம் கேட்கிறோம், அவ்வளவே.

நான்கு ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்து, ஒரு நாள் நம்முள் ஒருத்தியின் முன்னே ஒரு தாயோ குழந்தையோ அச்சத்தோடு வாயைத் திறந்து அமர்வார்கள். நாம் வாங்கிய மதிப்பெண் எத்தனை என்று அவர்கள் கேட்கப் போவதில்லை. வலிக்காமல், பிசகாமல் வேலை முடிய வேண்டும் என்பதே அவர்கள் விருப்பமாயிருக்கும். ஆகவே தோழியரே, வரும் கோடை விடுமுறையில் ஒரு சோப்புக் கட்டியை எடுங்கள். முதல் பல் பல்லாக வராவிட்டாலும் எறிந்துவிடாதீர்கள். அதன் அடியில் தேதியைக் கீறி வையுங்கள். பத்தாவது பல்லை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நாளில், கை கற்றுக்கொண்டது எவ்வளவு என்பதை யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிராது.