'அவர்' என்னும் சொல்

ஆண், பெண் என்னும் இருமைக்குள் அடங்காதோரைத் தமிழில் எவ்வாறு சுட்டுவது? பேடி எனப்பட்டோரைத் தொல்காப்பியம் உயர்திணையிலேயே வைத்தது. எனினும், அவர்களுக்கெனத் தனி ஈறு இல்லை என்றது. சங்கம் வளர்த்த மதுரையில் 2011-இல் தோன்றிய சிருஷ்டி அமைப்பினர், பல்வேறு பாலின அடையாளங்களுக்குத் தமிழ்ப் பெயர்களை ஆக்கினர். உயர்நீதிமன்ற வழிகாட்டுதலின்பேரில் 2022-இல் தமிழ்நாடு அரசும் சொற்றொகுப்பு ஒன்றை அரசிதழில் வெளியிட்டது.

பெயர்கள் பிறந்துவிட்டன, சுட்டுச்சொல்லோ இன்னும் தடுமாறுகிறது. 'அவன்', 'அவள்' என்பன பாலை வரையறுக்கும். 'அது' என்பதோ திணையையே மாற்றி, மனிதரை அஃறிணையாக்கும். பலர்பாலுக்குரிய 'அவர்' ஒருவரையும் மதிப்புடன் சுட்டும். ஆண், பெண் வேறுபாடு காட்டாது. இளையவரை 'அவர்' எனலாமா எனச் சிலர் தயங்குவர். மதிப்பளிக்க வயது ஒரு தடையன்று. அவரவர் விரும்பும் சொல்லைக் கேட்டறிந்து வழங்குவோம். அறியாதவிடத்து 'அவர்' என்போம்.