மேலே தள்ளினால் கூடணுமா, குறையணுமா?



ஆண்டு மலர் என்றால் கவிதை எழுதுவார்கள், காதலைப் பற்றி எழுதுவார்கள், "இளைஞனே, புறப்படு!" என்று எழுதுவார்கள். நான் எழுத வந்திருப்பது கம்ப்யூட்டர் திரையில் மேலும் கீழும் நகர்கிற ஒரு சின்னக் கட்டையைப் பற்றி. ஸ்லைடர் என்கிறோமே, அது. சிரிக்காதீர்கள்! அந்தக் கட்டையால் எங்கள் மாமா வீட்டில் ஒரு மரக்கால் விதை மல்லாட்டை பாழாகிவிட்டது. அதை இழுத்தவர் மாமா. அதற்குக் காரணமானவர்கள் நாங்கள்.

நான் மண்டகப்பட்டுக்காரன். விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற பக்கத்தில் இருக்கிற ஊர். மார்கழிப் பட்டத்துக்கு மல்லாட்டை போடுகிற ஊரில் விதைக்கு உடைப்பது என்றால் எப்படி என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மெஷினில் போட்டால் பருப்பு இரண்டாகப் பிளந்துவிடும், மேல்தோல் உரிந்துவிடும். பிளந்த பருப்பு முளைக்காது. அதனால் அத்தையும் அக்கம்பக்கத்துப் பெண்களும் திண்ணையில் உட்கார்ந்து கையாலேயே உடைப்பார்கள். விரல் நுனி எல்லாம் புண்ணாகும். டிரம் மெதுவாகச் சுற்றினால் பருப்பு பிளக்காதே, வேகத்தை நம் இஷ்டத்துக்கு வைத்தால் என்ன? இதுதான் எங்கள் இறுதியாண்டு பிராஜெக்ட். ஒரு சின்ன டிரம், ஒரு டிசி மோட்டார், ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு பழைய லேப்டாப். திரையில் வேகத்தைக் கூட்டக் குறைக்க ஒரு ஸ்லைடர். பைத்தானில் டிகின்டர் கொண்டு எழுதினோம். லேபில் அருமையாக ஓடியது. கை தட்டினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனோம்.

அன்று நடந்தது

மாமா லேப்டாப் எதிரில் உட்கார்ந்தார். ஸ்லைடர் கட்டை உச்சியில் நின்றது. மோட்டார் ஓடவில்லை.

"இன்னாடா இது, மேல ஏத்தி வச்சிருக்குது, மெஷின் நிக்குது?" என்றார்.

"கீழ இழுங்க மாமா, ஓடும்" என்றோம். அப்போதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கொஞ்சம் இழுத்தார். டிரம் சுற்றியது. பருப்பு முழுசு முழுசாக விழுந்தது. அத்தை அள்ளிப் பார்த்து, "பரவாயில்லியே!" என்றார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மாமா, "இன்னும் கொஞ்சம் கொறைச்சிப் பாக்கலாம்" என்று சொல்லிக் கட்டையைக் கீழே இழுத்தார். குறைப்பது என்றால் கீழேதானே? வேகம் கூடியது. பதறிப்போய் நிறுத்துவதற்காக இன்னும் கீழே இழுத்தார். முழு வேகம்! ஓடும் பருப்பும் பொடியாகப் பறந்தன. "மேல தள்ளுங்க, மேல தள்ளுங்க!" என்று கத்தினோம். தள்ளினார். திரையில் பூஜ்யம் வந்துவிட்டது. மோட்டார் மட்டும் நிற்கவே இல்லை. கடைசியில் பிளக்கைப் பிடுங்கினோம்.

நல்லவேளை, யார் கையும் உள்ளே இல்லை. மாமா ஒன்றும் சொல்லவில்லை. பொடியை ஒரு முறத்தில் வாரி மாட்டுக்கு வைத்துவிட்டு, "விதைக்கு வச்சிருந்ததுப்பா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

குற்றவாளி யார்?

திரும்பி வரும் பஸ்ஸில் என் நண்பன் சொன்னான்: "மாமாவுக்கு கம்ப்யூட்டர் பழக்கம் இல்லடா. ரெண்டு நாள் பழகினா சரியாயிடும்." நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். திருவிழாவில் மைக்செட்காரர் மிக்ஸரில் கட்டையை மேலே தள்ளினால் சத்தம் கூடும். ஏரி மதகில் பலகையை மேலே தூக்கினால் தண்ணீர் கூடும். பானையில் தண்ணீர் மேலே ஏறினால் அது நிறைகிறது. மாமா அறுபது வருடமாகப் பழகிய உலகம் முழுவதும் ஒரு பக்கம், எங்கள் திரை மட்டும் எதிர்ப்பக்கம். பழக வேண்டியது மாமாவா?

எங்கள் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். அந்தத் தலைகீழை நாங்கள் எழுதவே இல்லை. அது தானாக வந்தது!

டிகே என்பது அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஓஸ்டர்ஹவுட் உருவாக்கி, 1991-ல் வெளிவந்த கருவித்தொகுப்பு. 1997-ல் ஏசிஎம் சங்கத்தின் மென்பொருள் விருது அவருக்குக் கிடைத்தது. பெரிய வேலைதான், மறுக்கவில்லை. அதில் ஸ்லைடருக்குப் பெயர் 'ஸ்கேல்'. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது செங்குத்தாக நிற்கும். தொடக்கம் 0, முடிவு 100, ஒரு படி 1. செங்குத்தாக நிற்கும்போது தொடக்க எண் உச்சியிலும் முடிவு எண் அடியிலும் இருக்கும். நாங்கள் மாற்றியது ஒன்றே ஒன்று: போர்டு 0 முதல் 255 வரை எண்ணை ஏற்கும் என்பதால் முடிவை 255 ஆக்கினோம். மற்றதெல்லாம் 'டீஃபால்ட்'. அதாவது, நாங்கள் முடிவு செய்ய வேண்டியதை முன்பின் தெரியாத யாரோ ஒருவர் முடிவு செய்ய விட்டுவிட்டோம். எல்லாத் தொகுப்பும் இப்படியா என்றால் அதுவும் இல்லை. ஜிடிகேயில் நிற்கும் ஸ்லைடருக்குச் சிறிய எண் மேலே; க்யூட்டியிலும் ஜாவா ஸ்விங்கிலும் பெரிய எண் மேலே. ஆளுக்கொரு வழக்கம்! அப்படியிருக்க, பார்க்காமல் எடுத்துக்கொள்வது நம் தப்புதானே?

திருத்துவதற்கு ஒரே வரிதான். தொடக்கத்தைப் பெரிய எண்ணாகவும் முடிவைச் சிறிய எண்ணாகவும் கொடுத்தால் ஸ்லைடர் நிமிர்ந்துவிடும். ஒரு வரி... ஒரு மரக்கால் விதை!

எங்கிருந்து எதுவரை?

0 முதல் 255 என்பது யாருடைய கணக்கு? போர்டின் கணக்கு. எட்டு பிட்டில் அவ்வளவுதான் அடங்கும். மாமாவுக்கு 137 என்றால் என்ன, 138 என்றால் என்ன? அதுமட்டுமல்ல, மிகச் சிறிய எண்களில் மோட்டார் சுற்றாது, உறுமிக்கொண்டு சூடாகும். மிகப் பெரிய எண்களில் பருப்பு பொடியாகும். ஆக ஸ்லைடரின் இரண்டு முனையிலும் உதவாத இடத்தை வைத்துக்கொண்டு, நடுவில் எங்கோ ஒரு விரல்கடை அகலத்தில் வேலை நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தோம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. டிகே ஸ்கேலுக்கு விசைப்பலகையும் கட்டுப்படும். அம்புக்குறி விசை ஒரு படி நகர்த்தும். ஹோம் விசை தொடக்க எண்ணுக்கும், எண்ட் விசை முடிவு எண்ணுக்கும் ஒரே தாவலாகக் கொண்டுபோகும். குழந்தை ஒன்று எண்ட் விசையில் கை வைத்தால் மோட்டார் முழு வேகம்! ஆகவே என் கருத்து இது: எந்த எண்ணுக்குப் போனால் பொருள் கெடுமோ, ஆளுக்கு அடிபடுமோ, அந்த எண் ஸ்லைடரில் இருக்கவே கூடாது.

எத்தனை படி?

வீட்டு ஃபேன் ரெகுலேட்டரைப் பாருங்கள். ஐந்து எண். பாட்டிகூட "மூணுல வைடா" என்கிறாள். அதில் 255 எண் போட்டிருந்தால் பாட்டி விசிறியே போதும் என்றிருப்பாள். நாங்களும் இப்போது 5 முதல் 1 வரைதான் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு எண்ணுக்கும் எவ்வளவு வேகம் என்ற பட்டியல் புரோகிராமுக்குள் இருக்கிறது. பக்கத்தில் கோடும் எண்ணும் தெரிவதற்கு 'டிக்இன்டர்வல்' என்ற ஒரு அமைப்பு போதும்.

அழகாக இருக்கிறதே என்று டிடிகே ஸ்கேலுக்கு ஓடுகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் படி வைக்க 'ரெசல்யூஷன்' கிடையாது, கோடும் கிடையாது, எண்ணும் காட்டாது. இழுத்தால் தசமத்துக்குப் பிறகு வால் நீண்ட எண்கள்தான் வரும். முழு எண்ணாக்குவது உங்கள் பொறுப்பு. க்யூட்டியில் நேர் எதிர்: அங்கே ஸ்லைடர் முழு எண் மட்டுமே தரும், அரை வேண்டுமென்றால் பத்தால் பெருக்கி வைத்துக்கொள்ள வேண்டும். எதை எடுத்தாலும் படித்துவிட்டு எடுங்கள்.

திரையில் பூஜ்யம்; மோட்டார் ஏன் நிற்கவில்லை?

என்னைத் தூங்க விடாத கேள்வி இதுதான். ஸ்லைடரோடு இணைத்த 'கமாண்ட்' எப்போது ஓடும்? கையை எடுத்த பிறகு என்று நினைத்தோம். இல்லை! இழுக்க இழுக்க எண் மாறும் ஒவ்வொரு தடவையும் ஓடும். மாமா கட்டையை அடியிலிருந்து உச்சிக்குத் தள்ளிய அந்த ஒரு வினாடியில் எண்கள் வரிசையாகக் கொட்டின. எங்கள் போர்டோ ஒரு எண்ணை வாங்கி, மோட்டாருக்குச் சொல்லி, கொஞ்சம் நின்று, பிறகுதான் அடுத்த எண்ணை வாங்கும். ஆர்டுயினோ ஊனோவில் வந்த எழுத்துகள் காத்திருக்கும் இடம் 64 பைட்தான். நிறைந்துவிட்டால் அதற்குப் பின் வருவதெல்லாம் கீழே போய்விடும். கடைசியாக வந்தது எது? பூஜ்யம். "நிறுத்து" என்று மாமா சொன்னதுதான் தொலைந்து போனது!

லேபில் ஏன் இது தெரியவில்லை? லேபில் நாங்கள் பூப்போல இழுத்தோம். பயந்துபோன மனுஷன் அப்படி இழுப்பானா?

இப்போது மூன்று மாற்றம் செய்திருக்கிறோம். கட்டை நகர்ந்து கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தால்தான் எண் போகும். இதற்கு டிகேயிலேயே 'ஆஃப்டர்' என்ற வசதி இருக்கிறது. இரண்டாவது, நிறுத்துவதற்கு ஸ்லைடரே கிடையாது. தனியாக ஒரு பெரிய சிவப்புப் பொத்தான், அது எதற்கும் காத்திருக்காது. மூன்றாவது, லேப்டாப் "நான் இருக்கிறேன்" என்று விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு வினாடி அந்தச் செய்தி வராவிட்டால் போர்டு தானே மோட்டாரை நிறுத்திவிடும். கேபிள் கழன்றாலும் பயமில்லை.

'வேகம்' என்று எழுதக்கூட வழியில்லையா?

மாமாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். அதனால் 'ஸ்பீடு' என்பதை எடுத்துவிட்டு 'வேகம்' என்று போட்டேன். எங்கள் லினக்ஸ் லேப்டாப்பில் இருந்த டிகே 8.6-ல் கொம்பு இடம் மாறி, எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டும் வித்தை அந்தப் பதிப்புக்கு லினக்ஸில் தெரியாது. கடைசியில் சொல்லைப் படமாக வரைந்து ஒட்டினேன். இதற்குக் கோபப்பட்டு என்ன பயன்? மூலநிரல் திறந்துதான் கிடக்கிறது. நம்மில் ஒருவர் உள்ளே இறங்கினால் நாளைக்கு எல்லாருக்கும் கொம்பு தன் இடத்தில் நிற்கும்.

நான் கேட்பது

ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் வைவாவில் நம்மைக் கேட்பது என்ன? "அவுட்புட் வருதா?" வந்தால் மார்க். ஸ்லைடர் ஏன் 100-ல் முடிகிறது, ஏன் இந்தப் பக்கம் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நாமும் நம்மைக் கேட்டுக்கொள்வதில்லை. மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த ஆண்டு பிராஜெக்ட் கண்காட்சியில் ஒவ்வொரு மேஜைக்கும் கல்லூரிக்கு வெளியிலிருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நம் கேண்டீன் அக்கா, வாட்ச்மேன் ஐயா, யாராவது ஒரு விவசாயி. நாம் வாயைத் திறக்கக் கூடாது. அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் நம் தப்பு இருக்கிறது. ரெக்கார்டு நோட்டில் அதை எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர்ப் பாறையில் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் குடைந்த கோயில் இருக்கிறது. பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் எழுப்பியது என்று அங்கே வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. அந்தக் காலத்தில் கோயில் என்றால் செங்கலும் மரமும்தான் வழக்கம். வழக்கமாக இருக்கிறதே என்று அவன் எடுத்துக்கொள்ளவில்லை. எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாக முடிவு செய்திருக்கிறான். அந்தப் பாறையடியில் சின்ன வயதிலிருந்து விளையாடிய எனக்கு, ஒரு ஸ்லைடரில் நான்கு எண்ணை நானே முடிவு செய்யத் தோன்றவில்லையே!

தை மாதம் மறுபடியும் மெஷினைக் கொண்டுபோனோம். மாமா ஒரு கைப்பிடி மல்லாட்டை மட்டும் எடுத்துவந்தார். "மொதல்ல இத்த ஓட்டு, அப்புறம் பாக்கலாம்" என்றார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. கட்டையை மேலே தள்ளினார். ஓடியது. கீழே இழுத்தார். குறைந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினார். நின்றது. பருப்பைக் கையில் அள்ளி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு ரெண்டு பொளந்திருக்குது. மூணுல வச்சா சரியாயிடும்" என்று அவரே சொன்னார்.

எங்களுக்கு அந்த மார்க் போதும். உங்கள் ஸ்லைடருக்கு யார் மார்க் போடப்போகிறார்கள் நண்பர்களே? யோசியுங்கள்!

— இறுதியாண்டு மாணவர், மின்னணுவியல் பிரிவு