துணியை உரித்தால்தான் தெரியும்!

2012 அக்டோபர் 8. டெல்லி அருகே ஹிண்டன் தளத்தில் விமானப்படை தின விழா. ஜெட் விமானங்கள் சீறிய அதே வானத்தில், இரட்டை இறக்கை கொண்ட குட்டி விமானம் ஒன்றும் பறந்தது. பெயர் டைகர் மாத். ஒரு காலத்தில் நம் விமானிகள் பயிற்சி பெற்ற விமானம். பல வருடங்கள் சும்மா நின்ற அதை, இங்கிலாந்தில் பழுது பார்த்து மீண்டும் பறக்க வைத்தார்கள்.

பழைய காருக்கு பெயின்ட் அடிப்பது போன்ற வேலை இல்லை இது. 1931-ல் முதன்முதலில் பறந்த டைகர் மாத்துக்கு இறக்கை மரம். மேலே போர்த்தியிருப்பது துணி. முதல் வேலையே அந்தத் துணியை உரிப்பதுதான். அந்தக்கால மர விமானங்கள் பலவற்றை ஒட்டியது, பாலில் இருந்து எடுக்கும் கேசின் பசையால். ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து அது வலுவிழந்துவிடும். வெளியே பளபளக்கும் இறக்கை, உள்ளே விட்டுப்போயிருக்கலாம். சந்தேகம் வந்தால் பிரித்து ஒட்ட வேண்டியதுதான்.

பிறகு புதுத் துணி போர்த்தி, நூலால் மரச்சட்டங்களோடு சேர்த்துத் தைப்பார்கள். 'டோப்' என்ற திரவத்தைப் பூசினால் துணி சுருங்கி, மேளத்தோல் போல விறைக்கும். எஞ்சினுக்கு 130 குதிரைத்திறன். புரொப்பல்லரைக் கையால் சுழற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஆனால், துணி போர்த்தும் முன்பே ஒரு முக்கியமான கட்டம் உண்டு. வேலை செய்தவர் அல்லாத இன்னொருவர் ஒவ்வோர் இணைப்பையும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மூடிவிட்டால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதில் ஏறி உட்காரும் இருவரும் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பறக்கிறார்கள்!